வலது பக்கம், கலை ஒன்று

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் திம்மராயனின் டிரெய்லர் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது அதன் வலது பக்கத்தில் ஒரு கறை இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. மறைக்கிற அளவில் அது இல்லவும் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கி, இரண்டு முழ நீளம் பழுப்பாக வழிந்து, நடுவில் ஓர் இடத்தில் திரண்டு, அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கியிருந்தது. வெள்ளை பெயின்ட் அடித்த நாற்பதடி வண்டியில் அது வெள்ளை வேட்டியில் சிந்திய குழம்பு மாதிரி தெரிந்தது.

முந்தின நாள் நாகரசம்பட்டியில் மச்சான் முனிராஜின் மாந்தோப்போரம் வண்டியை நிறுத்தியதன் பலன் அது. பக்கத்தில் மினி லாரிக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காம்பு ஒடிந்த காயிலிருந்து பீய்ச்சுகிற பால் எங்கே படுகிறது என்று லோடு ஏற்றுகிறவர்கள் பார்ப்பதில்லை. திம்மராயன் பார்த்தார், பார்த்த உடனே வாளித் தண்ணீரும் சோப்புத் தூளுமாகத் தேய்த்தார். மாம்பாலைத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு அப்போது தெரியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலைத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு, வெளிர்மஞ்சளாக இருந்தது பழுப்பாகி, வண்டியோடு பிறந்தது போல ஆகிவிட்டது.

சாதாரணமாக இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியில் பதினாலு மாதங்களாக ‘அப்பழுக்கற்ற வெளிமுகத் திட்டம்’ என்று ஒன்று நடந்து வருகிறது. வாசலில் ‘கறையில்லா வாகனம், குறையில்லா உற்பத்தி’ என்று பலகை. வண்டிக்குள் என்ன சரக்கு போகிறது என்று பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். வெளியே எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பதினொரு பேர். வண்டியில் கறை இருந்தால் காவலாளி பதிவேட்டில் எழுதுவார், பச்சைச் சீட்டுக் கொடுப்பார். சீட்டோடு போனால் உள்ளேயே கழுவுமிடம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று வேலை நாளுக்குள் தீர்வு காணப்படாத வாகனம் மட்டும் பட்டியலிலிருந்து நீக்கப்படும். இதுவரை கறையோடு வந்த எந்த வண்டிக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை.

திம்மராயனுக்கு அந்தப் பட்டியல்தான் எல்லாம். ஓசூரில் இந்தக் கம்பெனியில் இரும்புப் பாகங்களை ஏற்றி, எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், ஆனேக்கல் ஓரம் இதே கம்பெனியின் இன்னொரு ஆலையில் இறக்குவது அவருக்கு ஒன்பது வருட வேலை. வண்டி சொந்தம். வேறு ஓட்டம் கிடையாது. வீடு இருக்கிற தொரப்பள்ளியிலிருந்து கம்பெனி வாசலுக்கு வண்டி தானாகவே வந்துவிடும் என்று மனைவி சாந்தம்மா கேலி செய்வாள்.

காவலாளி ராமப்பன் கையில் பேனாவோடு வந்தார்.

“என்ன அண்ணா, வண்டி மூக்கு ஒழுகுது?”

“மாம்பாலுப்பா. மச்சான் தோப்புல நின்னேன். சட்டுனு சீட்ட குடு, கழுவிக்கினு வந்துடறேன்.”

“தப்பா நெனைக்காதீங்க, எழுதியே ஆவணும். கேமரா நம்மளத்தான் பாக்குது.”

ராமப்பன் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதுவது, பஸ் போர்டுகளைப் பார்த்துத் தானாகக் கற்றது. பதிவேடு இனிமேல் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று போன மாதம் சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் கொத்துகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். இப்போதும் நாக்கை ஒரு பக்கம் மடித்துக்கொண்டு ஒரு வரி எழுதினார். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது ரோஸ் நிறச் சீட்டு.

கழுவுமிடத்தில் ரப்பர் குழாயோடு நின்றவர் சீட்டை வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“இது ரோஸுங்க. ரோஸுக்குத் தண்ணி விட முடியாது.”

“ரோஸுன்னா இன்னா?”

“தெரியாதுங்க. எனக்குப் பச்சதான் தெரியும்.”

இந்தப் பதினாலு மாதத்தில் திம்மராயன் ரோஸ் சீட்டைப் பார்த்ததில்லை. வண்டியைத் திருப்பும்போது காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஒரு புது டிரெய்லர் நிற்பதைக் கவனித்தார். பாலில் குளிப்பாட்டிய மாதிரி வெள்ளை. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. நம்பர் பிளேட்டில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய். சரக்கு ஏற்றுவதற்கும் போகவில்லை, இறக்கவும் போகவில்லை; சும்மா நின்றது. சும்மா நிற்கிற வண்டி யாருக்காகவோ நிற்கிறது என்று அர்த்தம். அவருக்கு முதல் சந்தேகம் அப்போதுதான் விழுந்தது.

வெளித்தோற்றப் பிரிவு அலுவலகத்தில் கவிப்ரியா என்ற பெண் கணினி முன்னால் இருந்தாள். படித்து முடித்து வந்த முதல் வேலை. யாரையும் நிற்க வைத்துப் பேசும் பழக்கம் இன்னும் வராதவள்.

“உக்காருங்கண்ணா. வண்டி நம்பர் சொல்லுங்க... ஆமா. நீங்க வண்டியில கலை பண்ணியிருக்கீங்க.”

“இன்னா பண்ணியிருக்கேன்?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தது. ராமப்பனின் கல்வெட்டு எழுத்தில்: ‘வலது பக்கம், கலை ஒன்று.’

திம்மராயன் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ் என்று வாழ்கிறவர். அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கன்னடத்தில் கறைக்குப் பெயர் கலெ. கலைக்கும் அதே கலெதான். சட்டையில் பட்டாலும் கலெ, சபையில் ஆடினாலும் கலெ. சேறு, டீசல் என்று எழுதிச் சமாளித்து வந்த ராமப்பன், பாவம், பெயர் தெரியாத இந்தக் கறைக்குத் தன் பாஷைச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார்.

“அம்மா, அது கறைம்மா. அவரு கன்னடத்துல எழுதிட்டாரு.”

“இல்லண்ணா, தமிழ்லதான் எழுதியிருக்கு.”

“எழுத்து தமிழு. வார்த்த கன்னடம்.”

கவிப்ரியா யோசித்தாள். அவர் சொல்வது அவளுக்கும் விளங்கியது. ஆனால் திரையில் கறை, கீறல், கலை என்று மூன்றே கட்டங்கள் இருந்தன. கறைக்கு நான்காம் விதி, பச்சைச் சீட்டு. கலைக்கு ஒன்பதாம் விதி, ரோஸ் சீட்டு. அனுமதியின்றி வாகனத்தில் கலை செய்தவர் அதன் பொருள், நோக்கம், பின்னணி ஆகியவற்றை விளக்க வேண்டும்; குழு முடிவெடுக்கும் வரை கலையைத் தொடவோ, மாற்றவோ, அழிக்கவோ கூடாது.

“ராமப்பண்ணா தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா மாத்திடலாம்ணா,” என்றாள்.

ராமப்பன் அந்த ஒரு வரியை எழுத மறுத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே ‘பதிவுப் பிழை’ என்று அவர் பேரில் இரண்டு புள்ளி. மூன்றாவது விழுந்தால் செக்யூரிட்டி ஏஜென்சி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

“அண்ணா, கைய வெட்டினாலும் தப்புன்னு எழுத மாட்டேன். நான் பொய்யா எழுதினேன்? கலெ இருந்துச்சு, கலென்னு எழுதினேன். அவங்க தப்பா ஓதிக்கினா நான் ஏன் பொறுப்பு?”

“என் வண்டி நிக்குதேப்பா.”

“உங்க வண்டி நிக்குது. நான் எழுதினா நானே வீட்டுல நிப்பேன்.”

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? திம்மராயன் திரும்பும்போது காம்பவுண்டு ஓரத்து வெள்ளை டிரெய்லர் அவரையே பார்ப்பது போல இருந்தது. ராமப்பனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? மேனேஜர் கமலக்கண்ணனுக்கு ஒரு மச்சினன் இருப்பதாகக் கேள்வி. மச்சினன்கள் டிரெய்லர் வாங்குகிற காலம் இது.

கமலக்கண்ணன் புதன்கிழமை காலை அவரைக் கூப்பிட்டார். அதற்குள் கறையைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டி, ‘தொடாதீர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காவலுக்கு ராமப்பனையே உட்கார வைத்திருந்தார்கள். கலையைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில் அந்த மரியாதை.

மேனேஜர் நிதானமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். மேஜை மேல் கறையின் பெரிய வண்ணப் படம் இருந்தது.

“திம்மராயன், கறைக்கு நாங்க பயப்படறதில்ல. கறைக்குப் பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்க. தொடைச்சா முடிஞ்சுது. கலைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருப்பான். அதனாலதான் எங்க திட்டத்துல கலைக்குத் தனி விதி வெச்சிருக்கோம். சொல்லுங்க, யார் சொல்லி வரைஞ்சீங்க?”

“சார், மாங்கா பாலு சார். தானா வழிஞ்சுது.”

“தானா வழிஞ்சது இவ்வளவு அழகா வழியுமா?” அவர் படத்தின் மேல் பேனாவை வைத்தார். “இந்தப் பெரிய கோடு. பார்த்தா ஆறு மாதிரி இல்ல? இங்க ஒரு இடத்துல திரண்டு நிக்குது. அணைன்னு வெச்சுக்கலாம். நம்ம இருக்கிறதோ எல்லை. நான் நேரடியாவே கேக்கறேன். இதுல தண்ணி எந்தப் பக்கம் போகுது?”

“கீழ சார்.”

“கீழேன்னா?”

“எல்லாத் தண்ணியும் கீழதானே சார் போவும்.”

கமலக்கண்ணன் ‘கீழே என்கிறார்; கீழே இருப்பது தமிழ்நாடு’ என்று குறித்துக்கொண்டார். அணையின் இடத்தில் திரண்டிருப்பது சோப்புத் தூள் கட்டி என்று திம்மராயன் சொன்னதை, ‘விளக்கம் திருப்திகரமாக இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

சாந்தம்மா அன்று போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் நம்பவில்லை. கணவன் வேறு ஏதோ செய்து வண்டியை மாட்டிவிட்டுக் கறை மேல் பழி போடுகிறான் என்பது அவளுடைய சந்தேகம். நேரில் பார்க்கத் தேங்காயெண்ணெய் பாட்டிலும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வந்துவிட்டாள். மாந்தோப்பு வீட்டில் பிறந்தவள். வாசலில் பெயர் எழுதி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, நாடாவுக்கு முன்னால் நின்று கறையை ஒரு பார்வை பார்த்தாள்.

“இதுக்கா மூணு நாளு? யாரு தண்ணி போட்டது இதுல?”

திம்மராயன் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

“மாம்பாலுக்குத் தண்ணி பகை, எண்ணெ உறவு. எண்ணெயில ஊறவெச்சு, சாம்பலு தொட்டுத் தேச்சா வழுக்கிக்கினு வந்துடும். தள்ளுப்பா ராமப்பா.”

ராமப்பன் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். “அக்கா, வேணா அக்கா! தொட்டா அண்ணனுக்கும் போவும், எனக்கும் போவும்.”

“அழுக்குக்குக் காவலா ஒக்காந்துக்கினு இருக்கியா நீ?”

“அழுக்குன்னு சொல்லாதீங்க அக்கா, கேமராவுல கேக்கும். கலென்னு சொல்லுங்க. அதுல ரெண்டும் அடங்கிடும்.”

சாந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு, எண்ணெய் பாட்டிலை வண்டியின் முன்பகுதியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கணவன் காதருகில், “அந்த வெள்ள வண்டிய விசாரிச்சியா?” என்றாள். சந்தேகம் அந்தக் குடும்பத்தில் இரண்டு பக்கமும் இருந்தது.

அவர் அதற்குள் பொறுக்க முடியாமல்தான் இருந்தார். நேராகப் போனார். வெள்ளை டிரெய்லரின் நிழலில் ஓர் இளைஞன் பாய் விரித்துப் படுத்திருந்தான். பெயர் ஹரீஷ்குமார் என்றான்.

“தம்பி, நீ மேனேஜருக்கு இன்னா வேணும்?”

“மேனேஜரா? அவரு மூஞ்சியவே நான் பாத்ததில்லண்ணா. பட்டியல்ல பேரே இன்னும் ஏறல, பதினோரு நாளா நிக்கிறேன்.”

“எதுக்கு?”

“வண்டியில ஒண்ணுமே இல்லியாம்.” ஹரீஷ்குமார் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டினான். அது மஞ்சள் நிறம். ‘சந்தேகத்திற்கிடமான தூய்மை’ என்று அச்சடித்திருந்தது. “கறையே இல்லாத வண்டி இருக்க முடியாதாம். எதையோ தொடைச்சுட்டு வந்திருக்கியாம். தொடைச்சது என்னன்னு சொல்லுங்கறாங்க. புது வண்டிண்ணா. ஷோரூம்ல இருந்து நேரா வந்தேன்.”

திம்மராயனுக்கு அவன் மேல் இருந்த சந்தேகம் போனது. ஆனால் அது போன இடத்தில் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. சதி என்றால் சதிக்காரனிடம் பேசிப் பார்க்கலாம். இங்கே சதிகூட இல்லை.

குழு வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூடியது. குழு என்பது கமலக்கண்ணன், கவிப்ரியா, வெளியிலிருந்து ஒரு கலை வல்லுநர். வல்லுநராக வந்தவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நாடாவுக்குள் மூக்கை நீட்டினார்.

“என்ன சார் இது, மாம்பாலுல்லா! மோந்து பாருங்க.”

“படிவத்துல வாசனைக்கு இடம் இல்ல சார்,” என்றார் கமலக்கண்ணன். படிவத்தை நீட்டினார். அதில் உயர்கலை, இடைநிலைக் கலை, ஆபத்தான கலை என்று மூன்று கட்டங்கள்.

“கலை இல்லன்னு போட ஒரு கட்டம் இல்லியா?”

“கலை இல்லன்னா உங்களை எதுக்கு சார் கூப்பிடப் போறோம்?”

சுடலைமுத்து மூன்று கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கமலக்கண்ணன் தானாகவே பேச ஆரம்பித்தார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் போதுதான் மேலதிகாரிகள் உண்மை பேசுகிறார்கள்.

“பதினாலு மாசத்துல நாங்க ஏழாயிரம் கறை பிடிச்சிருக்கோம் சார். எல்லாம் கறை. டீசல், சேறு, காக்கா எச்சம். தலைமை அலுவலகத்துல கேக்கறாங்க, காக்கா எச்சம் பார்க்க எதுக்குப் பதினோரு பேருன்னு. கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு கலை! ஒன்பதாம் விதி முதன்முதலா பயன்படுது. இதைக் கறைன்னு சொல்லிட்டா அந்த விதியை எழுதினவன் முட்டாள்னு ஆகும். எழுதினவன் நான்.”

கவிப்ரியா இதையும் குறிப்பேட்டில் எழுதினாள். எழுத வேண்டாம் என்று கமலக்கண்ணன் கையைக் காட்டினார்.

சுடலைமுத்து திம்மராயனை ஓரமாக அழைத்துப் போனார்.

“ஏய்யா, பதறாதீரும். ஆபத்துன்னு போட்டா உம்ம வண்டி போவாது. இடைநிலைன்னு போட்டா மறுபடியும் குழு கூடும். நாளைக்கு உமக்குக் கெடு முடியுது, இல்லியா? உயர்கலைன்னு போட்டுருதேன். பேரு ஒண்ணு சொல்லும். கலைக்குப் பேரு வேணுமாம்.”

“மாம்பாலுன்னே போடுங்க சார். அதாவது நெசமா இருக்கட்டும்.”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு.” படிவத்தில் ‘மாம்பால்’ என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்றார். “முப்பது வருஷத்துல என்னைய எவனும் வல்லுநர்னு எழுதினதில்ல, தெரியுமா? இதுல அச்சே அடிச்சிருக்கான்.” கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசலில் சின்ன விழா. பதினொரு பேரும் வந்திருந்தார்கள். கமலக்கண்ணன் பேசினார். “ஒரு சாதாரண ஓட்டுநருக்குள்ளே உறங்கிய கலையை நம் திட்டம் தட்டி எழுப்பியிருக்கிறது” என்றார். உறங்கியது தானா மாம்பாலா என்று யோசித்துக்கொண்டே திம்மராயன் சான்றிதழை வாங்கினார். மூன்று மொழியில் அச்சடித்த கெட்டித் தாள். பட்டியலில் அவர் பெயர் தப்பியது. ‘கலை வாகனம்’ என்று தனித் தலைப்பில் ஏறியது. அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. இனி ஒவ்வொரு முறை இந்த வாசலுக்குள் வரும்போதும் வாகனத்தில் கலை படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். கலை குறைந்தால் அனுமதி ரத்து.

அவர் எதையும் படிக்கவில்லை. சரக்கு ஏற்றினார், கிளம்பினார், ஜூஜூவாடி தாண்டி எல்லை கடந்தார். மூன்று நாளுக்குப் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்குச் சுகமாக இருந்தது.

அந்தப் பக்கத்து ஆலையின் வாசலிலும் அதே பலகை, கன்னடத்தில். அங்கே இருந்த காவலாளி வண்டியைச் சுற்றி வந்தார். வலது பக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கலெ இதே. வாபஸ் ஹோகி.”

கறை இருக்கிறதென்று எதற்குத் திரும்பிப் போக வேண்டும்? திம்மராயன் சிரித்துக்கொண்டே சான்றிதழை எடுத்து நீட்டினார். காவலாளி கன்னடப் பகுதியை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார். மூவரும் சேர்ந்து படித்தார்கள். கடைசியில் மூத்தவர் கன்னடத்தில் கேட்டதன் சாரம் இது:

“உன் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதே அய்யா, ‘இந்த வாகனத்தில் மிக உயர்ந்த கறை உள்ளது’ என்று! சாதாரணக் கறையையே நாங்கள் உள்ளே விடுவதில்லை. இது உயர்ந்த கறையாம். முத்திரை வேறு.”

அது கலை, கலை என்று திம்மராயன் சொன்னார். கலெ, கலெ, அதைத்தான் சொல்கிறோம் என்று அவர்களும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் இரு தரப்பும் ஒன்றையே சொல்லிச் சண்டை போட்டார்கள்.

அவர் வண்டியை ரோட்டோரம் ஒரு டீக்கடைக்கு எதிரே நிறுத்தினார். சாந்தம்மா வைத்துவிட்டுப் போன பாட்டில் முன்னால் உருண்டுகொண்டிருந்தது. எண்ணெயைப் பூசி ஊறவைத்தார். டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பல் கேட்டு வாங்கினார். துணியை வட்டமாக ஓட்டினார். அவள் சொன்னபடியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பதினொரு பேர், ஒரு வல்லுநர், ஒரு காவலாளி, மூன்று நாள் சேர்ந்து காப்பாற்றியதை எடுக்கப் பதினெட்டு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் நிபந்தனையைப் படித்தார்.

திரும்பும் வழியில் ஓசூருக்குள் நுழையாமல் நேரே நாகரசம்பட்டி போனார். முனிராஜ் தோப்பில் காம்பு ஒடித்த காய்களைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு பாட்டில் பால் சேகரித்தார்கள். கமலக்கண்ணனின் மேஜையில் இருந்த படத்தின் நகலைக் கவிப்ரியா ரகசியமாகப் போனில் அனுப்பியிருந்தாள். தோப்புக்கு வந்து சேர்ந்த சாந்தம்மா படத்தைப் பிடித்துக்கொள்ள, திம்மராயன் ஏணியில் நின்று வரைந்தார். இரண்டு முழம், நடுவில் அணை, அங்கிருந்து இரண்டு கிளை. அணைக்குச் சோப்புத் தூள் கட்டி.

“கொஞ்சம் வலது பக்கம் வழிய விடு,” என்றாள் சாந்தம்மா. “ஆங். இப்ப சரி.”

அன்று முதல் இதுதான் வழக்கமாகிவிட்டது. வண்டிக்குள் இரண்டு பாட்டில்கள். போகும்போது எல்லை தாண்டியதும் எண்ணெய். வரும்போது எல்லைக்கு இந்தப் பக்கம் பால். தமிழ்நாட்டில் கலை இருக்க வேண்டும், கர்நாடகத்தில் கலெ இருக்கக் கூடாது. இரண்டு சட்டத்துக்கும் அவர் கீழ்ப்படிந்தார். பட்டியலில் பெயர் நின்றது. ஹரீஷ்குமார் ஒரு நாள் வந்து, ஒரு சொட்டு கடன் கேட்டு வாங்கிப்போய்த் தன் வெள்ளை வண்டியில் ஓரமாக வைத்துக்கொண்டான். இந்த முறை ராமப்பன் ‘கறை’ என்றே எழுத, அன்று மாலையே பச்சைச் சீட்டு வாங்கிக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஆகஸ்டில் மாங்காய் தீர்ந்தது. முனிராஜ் தோப்பில் கடைசி மரமும் இலையோடு மட்டும் நின்றது. பாட்டிலில் இருந்தது கெட்டிப்பட்டுப் பிசினாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை திம்மராயன் எல்லையில் அதே டீக்கடை முன்னால் நின்று வெறும் வண்டியைப் பார்த்தார். நிபந்தனைச் சீட்டைப் பார்த்தார். கடைக்காரரிடம் மிச்சம் இருந்த டீயைத் திக்காகக் காய்ச்சித் தரச் சொன்னார்.

வாசலில் ராமப்பன் பதிவேட்டோடு வந்தார். வலது பக்கம் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் அணையைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

திம்மராயன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதனுக்கு இரண்டு புள்ளி ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவது விழுந்தால் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். தன் ஒன்பது வருட ஓட்டமும் இந்த விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராமப்பன் விரலை மெதுவாக நக்கினார். கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நாக்கை ஒரு பக்கம் மடித்துக்கொண்டு, கல்லில் கொத்துகிற மாதிரி எழுதினார்: ‘வலது பக்கம், கலை ஒன்று.’

பிறகு கதவருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்:

“நாளைக்கு சக்கர போடாம காய்ச்சச் சொல்லுங்கண்ணா. எறும்பு ஏறுது. எறும்புக்கு அவங்க வேற சீட்டு வெச்சிருக்காங்க.”